‘கேரவன்’ விதிக்குச் ‘சாத்து’ பொருந்துமா? பயணப் பலகை ஆட்டத்துக்கான கலைச்சொல் விவாதம்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

ஆட்டவிதியில் வரும் ‘கேரவன்’ என்பதற்குத் தமிழாகப் பெருந்துறை அம்மா முன்வைத்த ‘பொதி’ என்ற சொல்லையும், அதற்குப் பல்லடத்து ஐயா எழுதிய மறுப்பையும் படித்தேன். தனித்தனியாக எழுதினால் இழை சிதறிவிடும் என்பதால் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

இடையில் சேர்ந்தவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆலன் மூன் வடிவமைத்து, 1998-இல் ஜெர்மனியின் ‘ஆண்டின் சிறந்த ஆட்டம்’ விருதைப் பெற்ற எல்ஃபன்லேண்ட் ஆட்டத்தின் விதிகளைத்தான், கோபிசெட்டிபாளையத்தில் நாங்கள் நடத்தும் சிறிய வாசகசாலைக்கு வரும் பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். இரண்டு பேர் முதல் ஆறு பேர் வரை ஆடலாம். எல்ஃப் என்னும் மாயக்குடியைச் சேர்ந்த இளையோர், நான்கு சுற்றுகளுக்குள் இருபது ஊர்களில் எத்தனை ஊருக்குப் போய்வர முடியுமோ அத்தனைக்கும் போய்வர வேண்டும். ஒவ்வொருவருக்கும் மரத்தில் செய்த ஒற்றைப் பூட்சுதான் காய். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும் தடத்தில் எந்த வாகனம் ஓடும் என்பதை, ஆடுபவர்கள் மாறி மாறி வைக்கும் வில்லைகளே தீர்மானிக்கின்றன. பன்றி வில்லை இருக்கும் தடத்தில் பன்றிச் சீட்டு உள்ளவர் போகலாம், மேக வில்லை இருக்கும் தடத்தில் மேகச் சீட்டு உள்ளவர் போகலாம். மேகம் மலைத்தடத்தை ஒரு சீட்டில் கடக்கும்; சமவெளியிலும் காட்டிலும் இரண்டு சீட்டுக் கேட்கும். யார் வைத்த வில்லையானாலும் அது எல்லாருக்கும் பொது. நீங்கள் மேகத்தை நம்பிக் கையில் சீட்டுச் சேர்த்து வைத்திருக்க, எதிரில் இருப்பவர் அதே தடத்தில் பன்றியை வைத்துவிட்டு ஒன்றும் அறியாதவர் போல உட்கார்ந்திருப்பார்.

அப்படி மாட்டிக்கொண்டவருக்கு இருக்கும் மாற்றுவழிதான் நம் சிக்கலுக்குரிய விதி. கையிலுள்ள சீட்டுகளில் ஏதேனும் மூன்றை இறக்கினால், வில்லை வைக்கப்பட்ட தடம் எந்த வாகனத்துக்கு உரியதாக இருந்தாலும் அதைக் கடந்துவிடலாம். யாரேனும் அங்கே தடைவில்லையும் வைத்திருந்தால் நான்கு சீட்டு இறக்க வேண்டும். ஆங்கில விதித்தாளில் இதற்குப் பெயர் ‘கேரவன்’.

மற்றச் சொற்களில் நமக்குப் பெரிய சண்டை வரவில்லை. கையில் பிடிப்பது சீட்டு, பலகையில் வைப்பது வில்லை என்று பிரித்துக்கொண்டதால், இரண்டையும் ‘அட்டை’ என்று எழுதி நான் முதல் வரைவில் உண்டாக்கிய குழப்பம் தீர்ந்தது. வழிக்கு ‘இட்டேரி’ என்று ஒருவர் ஆசையோடு சொன்னார். ஆனால் இட்டேரி இருபுறமும் கிளுவை வேலி போட்டுக் காட்டுக்குள் போகும் வண்டிப்பாதை. ஊரையும் ஊரையும் இணைக்கும் நெடுவழிக்கு நம் பக்கத்தில் இயல்பாக வாயில் வருகிற ‘தடம்’ நின்றது. சுற்று, முறை ஆகிய இரண்டும் பல்லடத்து ஐயா கொடுத்தவை. பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலில் எந்த மண்டலத்துக்கு எத்தனை சுற்றுத் தண்ணீர் என்று பேசிப் பழகியவர்களுக்கு, எல்லாரும் ஆடி முடிப்பது சுற்று, அதற்குள் ஒருவர் ஆடுவது முறை என்பதை விளக்கவே தேவையில்லை. முறை தவறி மடையைத் திருப்பினால் என்ன ஆகும் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

இனிக் கேரவன். அதை அப்படியே எழுதிவிட்டால் என்ன என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். எங்கள் ஊரைச் சின்னக் கோடம்பாக்கம் என்பார்கள். வயலும் வாய்க்காலும் இருப்பதால் எத்தனையோ படங்கள் இங்கே எடுக்கப்பட்டிருக்கின்றன. இங்குள்ள பிள்ளைக்குக் கேரவன் என்றால் நடிகர் உள்ளே உட்கார்ந்திருக்க, வெளியே கூட்டம் காத்திருக்கும் குளிர்சாதன வண்டி. பாரசீகத்துக் ‘கார்வான்’ எங்கெங்கோ சுற்றி நம்மிடம் இந்தப் பொருளில் வந்து சேர்ந்துவிட்டது. கடன்சொல் என்பதற்காக நான் அதை ஒதுக்கவில்லை. பூட்சை நான் பூட்சு என்றுதான் எழுதுகிறேன். அதைக் ‘காலுறைக் காப்பு’ என்று மாற்றச் சொல்லி வந்த கடிதத்துக்கு இன்னும் மறுமொழி எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை. கேரவனை மறுப்பது, கேட்டவுடன் வேறொரு படத்தை மனத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது என்பதற்காகத்தான்.

‘பொதி’ அழகான சொல். பொதிமாடு நம் கண்ணில் மறைந்தாலும் பேச்சில் இருக்கிறது. ஆனால் பொதி என்பது சுமை; சுமந்து செல்லும் கூட்டம் அன்று. ஆலைகள் உள்ள ஊர்களில் அது நேராகப் பஞ்சுப்பொதியைக் குறிக்கும். இந்த ஆட்டத்தில் யாரும் எதையும் சுமப்பதில்லை, விற்பதும் இல்லை. ‘மூன்று சீட்டுகளைப் பொதியாக இறக்கவும்’ என்று எழுதிப் பார்த்தேன். சீட்டுகளைச் சுருட்டிக் கட்டி இறக்க வேண்டும் போலத் தோன்றியது.

நான் முன்மொழிவது ‘சாத்து’. கூட்டமாகச் செல்லும் வணிகர் குழுவுக்குப் பழந்தமிழில் இருந்த பெயர் அதுவே. பெரும்பாணாற்றுப்படையில் மிளகுச் சுமை ஏற்றிய ‘கழுதைச் சாத்து’ வருகிறது. அது செல்வதும் சுங்கம் வாங்கும் பெருவழியில்தான். கோவலனின் தந்தை மாசாத்துவானின் பெயரிலும் இந்தச் சாத்தே உட்கார்ந்திருக்கிறது. வடமொழிச் ‘சார்த்த’த்தோடு இதைச் சேர்த்துச் சொல்வார்கள் என்பதை நான் அறிவேன். ஆயினும் இத்தனை காலம் தமிழில் குடியிருந்த சொல்லை இன்று எழுப்பிப் பிறப்புச் சான்றிதழ் கேட்பது முறையாகாது.

நம் நாட்டுக்கும் அது அயலான சொல் அன்று. மேலைக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன வணிகப்பாதை கொங்கின் நடுவே சென்றது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் மணி செய்தவர்களும், காங்கயத்துக்கு அருகே படியூரில் பச்சைக்கல் எடுத்தவர்களும் அந்தப் பாதையை நம்பிப் பிழைத்தவர்கள். கோவைக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்துப் பாறையில் ‘ராசகேசரிப் பெருவழி’ என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். வழிக்குப் பெயரிட்டுக் கல்லில் பொறித்த நாட்டில், அந்த வழியில் போனவர்களின் பெயர் மறந்துபோயிருக்கிறது.

ஆனால் ஒரு தொல்லை உண்டு. அதை மறைத்துவிட்டு உங்கள் ஒப்புதலைக் கேட்க மாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை வரைவு விதித்தாளை வைத்துப் பிள்ளைகளை ஆடவிட்டேன். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் எதிரே பன்றி வில்லை. கையிலோ இரண்டு மேகமும் ஒரு டிராகனும். விதித்தாளை விரல் வைத்துப் படித்துவிட்டு, மூன்று சீட்டையும் விசிறி போல விரித்துப் பிடித்துக்கொண்டு, “அக்கா, நான் சாத்தட்டுங்களா?” என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த பையன், “கதவையா, என்னையா?” என்றான். அதன் பிறகு அரைமணி நேரம் ஆட்டம் நடக்கவில்லை. தடைவில்லை வைத்தவனை எல்லாரும் சேர்ந்து ‘சாத்த’ வேண்டும் என்று புதிய விதியே உருவாகிவிட்டது.

சொல்லில் குற்றமில்லை, தனியாக நிற்கும்போது அது ஏவல் வினை போல ஒலிப்பதே குற்றம். கதவைச் சாத்து, நாலு சாத்துச் சாத்து என்பவை நாள்தோறும் காதில் விழுகிறவை. பெயர்ச்சொல்லான சாத்து ஏட்டில் மட்டும் இருக்கிறது. நேருக்கு நேர் நின்றால் ஏடு தோற்கும். ஆகவே அதனோடு ஒரு வினையைச் சேர்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். நம் பக்கத்தில் பயணம் புறப்படுவதை ‘வண்டி கட்டுவது’ என்பார்கள். அந்தியூர்க் குருநாதசாமி கோயில் ஆடித் தேர்த்திருவிழாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு போன கதையை எங்கள் வீட்டில் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அதே வாய்பாட்டில் ‘சாத்துக் கட்டு’ என்று வைத்தால், கட்டுவது என்ற வினை, சாத்து ஒரு பொருள் என்பதைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். விதியை இப்படி எழுதிப் பார்த்தேன்:

“தடத்திலுள்ள வில்லைக்குப் பொருந்தும் சீட்டு இல்லாதவர், கையிலுள்ள ஏதேனும் மூன்று சீட்டுகளை இறக்கிச் சாத்துக் கட்டி அத்தடத்தைக் கடக்கலாம். அங்கே தடைவில்லையும் இருந்தால், சாத்துக் கட்ட நான்கு சீட்டுகள் வேண்டும். வில்லையே இல்லாத தடத்தில் சாத்துக் கட்ட முடியாது.”

குறைகளைச் சொல்லுங்கள்.

கோபியிலிருந்து, அன்புடன்.

*

கோபி அம்மாவுக்கு வணக்கம்.

‘சாத்து’ என்றதும் நானும் முதலில் கதவைத்தான் நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘சாத்துக் கட்டு’ என்றதும் அந்த எண்ணம் வரவில்லை. அதற்கு நீங்கள் சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. வன்றொடர்க் குற்றியலுகரமாகிய சாத்து என்பதன் பின், பாட்டுப் பாடு, கணக்குப் பார் என்பவற்றில் போல வல்லினம் மிகுகிறது. அந்தக் ‘க்’ விழுந்துவிட்டால் ‘சாத்து, கட்டு’ என்று இரண்டு கட்டளைகளாகப் பிளந்துவிடும். எனவே விதித்தாளை அச்சிடுபவர் ஒற்றை விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்த் திருமண அழைப்பிதழ்களில் ஒற்று படும் பாட்டைப் பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

எனக்கு உள்ள ஐயம் வேறு. சாத்து என்பது பலர் சேர்ந்து செல்வது. ஆட்டத்திலோ ஒருவர் தனியாகத்தான் தடத்தைக் கடக்கிறார். அவரோடு மற்ற ஆட்டக்காரர்களும் சேர்ந்து போகலாம் என்று ஒரு பிள்ளை புரிந்துகொண்டால் அது பிள்ளையின் தவறாகாது.

இன்னொன்று, ‘சாத்துக்கட்டு’ என்று சேர்த்தெழுதிப் பெயர்ச்சொல்லாகவும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டு என்பது சீட்டுக்கட்டிலும் இருப்பதால் மூன்று சீட்டின் சேர்க்கைக்கு அது நன்றாகவே ஒட்டும்.

பல்லடத்திலிருந்து.

*

ஐயாவுக்கு வணக்கம்.

ஒற்றைப் பற்றி நீங்கள் எழுதியதை அப்படியே ஏற்கிறேன். ‘சாத்துக்கட்டு’ என்ற பெயர்ச்சொல்லையும் விதித்தாளின் சொற்பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

உங்கள் ஐயம் சரியானது. அதற்கு விடை சீட்டுகளிடம் இருக்கிறது. சேர்ந்து போவது ஆட்டக்காரர்கள் அல்லர், அவர் இறக்கும் சீட்டுகள். அந்தப் பெண் கையில் இருந்த இரண்டு மேகமும் ஒரு டிராகனும் தனித்தனியே பன்றித் தடத்துக்கு உதவாதவை. மூன்றும் ஒன்றாகச் சேரும்போது சாத்தாகிறது. ஆகவே “சாத்துக் கட்டியவர் மட்டுமே கடப்பார், அடுத்தவர் கடக்க வேண்டுமானால் அவரும் தம் சீட்டுகளை இறக்க வேண்டும்” என்று ஒரு வரி கூட்டியிருக்கிறேன். ஆங்கிலத் தாளில் அப்படி ஒரு வரி தேவைப்பட்டிருக்காது. நம் சொல் பழைய பொருளோடு வருவதால் நமக்குத் தேவைப்படுகிறது.

பெருந்துறை அம்மா தனிமடலில், பொதியை விட்டுக்கொடுப்பதாகவும், ஆனால் சாத்துப் படத்தில் ஒரு பொதிமாட்டையாவது வரைய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். அது நியாயமான கோரிக்கை. தாளின் மூலையில் வரையச் சொல்லியிருக்கிறேன்.

எல்ஃபுக்குத் தமிழ்ச்சொல் தேடும் வேலையைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். ‘குட்டிச்சாத்தான்’ என்று வந்த பரிந்துரையை நான் ஏற்கவில்லை. அது ஏவிவிடுகிற, பிள்ளைகளைப் பயமுறுத்துகிற பெயர். போதாக்குறைக்கு இப்போது சாத்தும் சாத்தானும் ஒரே தாளில் வந்து நிற்கும். ‘கன்னிமார்’ என்றவருக்கும் அதே பதில்தான்: நாம் கும்பிடுகிறவர்களுக்குப் பூட்சு மாட்டிப் பலகையில் நகர்த்த என் மனம் ஒப்பவில்லை. வேறு சொல் கிடைக்கும்வரை எல்ஃப் எல்ஃபாகவே இருக்கட்டும்.

நேற்று மாலை புதிய தாளை வைத்து மறுபடி ஆடினோம். அதே பெண் இந்த முறை சிரிக்காமல், “சாத்துக் கட்றேனுங்க அக்கா” என்று சொல்லி மூன்று சீட்டை இறக்கினாள். பையன்தான் சும்மா இருக்கவில்லை. பன்றியைக் கட்டலாம், டிராகனைக் கட்டலாம், மேகத்தை எந்தக் கயிற்றில் கட்டுவது என்று கேட்டான். அதற்கு விதித்தாளில் வரி இல்லை.

கோபியிலிருந்து.