பர்சானாவில் அடி வாங்குவது புருஷனா?

விரஜபூமி:
“ஹோலியன்று பர்சானாவில் பெண்கள் கட்டிய புருஷனைத் தடியால் வெளுப்பார்கள்” என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார், ஆளாளுக்குக் கைதட்டுகிறீர்கள். பர்சானா உ.பி. மதுரா பக்கத்து ஊர். அடி வாங்குவது பக்கத்து ஊரான நந்தகாவ் ஆண்கள். கண்ணன் ஊரான நந்தகாவ்காரர்கள் ராதை ஊரான பர்சானாவுக்கு வந்து வம்பிழுப்பதுதான் லட்மார் ஹோலி, அதாவது தடியடி ஹோலி. நாளும் தப்பு. பால்குண வளர்பிறை நவமி அது, பௌர்ணமிக்கு முன்பே முடிந்துவிடும்.

காவிரிக்கரை:
எழுதியவன் நான்தான். டிவியிலேயே கணவர்கள் என்றுதான் சொல்கிறார்கள். ஊரே தடி தூக்கும்போது சொந்தப் புருஷனை மட்டும் விட்டுவிடுவார்களாக்கும்!

விரஜபூமி:
அவர் எதிரே நின்றால்தானே விடுவதற்கு? நந்தகாவ் ஆண்கள் கேடயத்தோடு வந்து பீலி போகர் குளக்கரையில் தலைப்பாகை கட்டுவார்கள். மலைமேல் லாட்லிஜி என்னும் ராதை கோயிலில் கும்பிட்டு, ரங்கீலி கலி என்ற சந்துக்கு இறங்குவார்கள். அடி அங்கேதான். மறுநாள் தசமிக்கு பர்சானா ஆண்கள் நந்தகாவ் போய் அந்த ஊர்ப் பெண்களிடம் வாங்குவார்கள். இதில் புருஷன் எங்கே வருகிறார்?

தறிக்காரன்:
அடி சும்மா பாவனைதானே சார்?

விரஜபூமி:
இல்லை தம்பி. ஆண் குந்தி உட்கார்ந்து கேடயத்தைத் தலைக்கு மேல் பிடிக்க வேண்டும். விரல்கள் உள்பக்கக் கைப்பிடியில் இருக்கணும். விளிம்பைப் பிடித்தால் தடி விரலில் விழும். பாதியில் எழுந்தால் தோள் மாட்டும். தலைப்பாகையைத் தடிமனாகச் சுற்றுவதும் அதற்குத்தான். திருப்பி அடிக்க அனுமதி கிடையாது.

காவிரிக்கரை:
சரி, அரியானாவில்? துணியை முறுக்கி அடிக்கிறார்களே, அது வீட்டுக்குள்தானே? அப்போ புருஷனும் உண்டு.

விரஜபூமி:
அது அண்ணி கொழுந்தனை அடிப்பது. புருஷன் அங்கேயும் இல்லை! மதுரா பக்கத்து பல்தேவ் ஊரில் தாவூஜி (பலராமர்) கோயிலில் நடக்கும் ஹுரங்கா என்ற ஹோலியும் அதே முறைதான். ஹோலிக்கு மறுநாள் ஆண்கள் வாளி வாளியாகச் சாயத் தண்ணீர் ஊற்ற, பெண்கள் அவர்கள் சட்டையையே கிழித்து, நனைத்து முறுக்கி விளாசுவார்கள்.

செம்பருத்தி:
அந்தச் சாயம் டேசு, நம்ம புரசம்பூ. கால் கிலோ காய்ந்த பூவை ஐந்து லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, காலையில் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டணும். சுண்ணாம்பு ஒரு சிட்டிகை போட்டால் மஞ்சள் ஆரஞ்சாகும்.

தறிக்காரன்:
சுண்ணாம்பா? கண்ணில் பட்டால் யார் பொறுப்பு? படிகாரம் போதும்.

செம்பருத்தி:
சிட்டிகை என்று எழுதியதைப் படிக்கவில்லையா? கைப்பிடி போட்டால்தான் தோல் எரியும். படிகாரத்தில் அந்த ஆரஞ்சு வராது.

காவிரிக்கரை:
பௌர்ணமி என்றால் தஞ்சாவூர்ப் பக்கம் காமதகனம். மன்மதன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் லாவணிப் பாட்டில் விடிய விடிய மோதும். அதற்கு ஒரு வரி இல்லை, வடக்கத்திக்காரன் கேடயத்துக்கு வகுப்பு நடக்கிறது.

விரஜபூமி:
லாவணிக்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். இங்கே கேள்வி ஒன்றுதான். நவமியன்று ரங்கீலி கலியில் பர்சானாக்காரி எந்த ஊர்க்காரனை அடிக்கிறாள்?

காவிரிக்கரை:
புருஷனைத்தான். டிவியில் பார்த்தேன்.