பிஸ்டன்ஸ்: 28 தோல்விக்குப் பிறகும் மைதானத்துக்குப் போகலாமா?

நோவிவாசி (வெள்ளி, டிசம்பர் 29, 2023)

நம்ம டெட்ராய்ட் பிஸ்டன்ஸ், என்.பி.ஏ. கூடைப்பந்து அணி, நேற்று பாஸ்டனிலும் தோற்றாயிற்று. 128-122, ஓவர்டைமில் (கூடுதல் நேரத்தில்). இந்த சீசனில் சொந்த மைதானத்தில் ஒருமுறைகூடத் தோற்காத செல்டிக்ஸுக்கு எதிராக, பாதி ஆட்டத்தில் 19 புள்ளி முன்னிலையில் இருந்தோம். இன்றைக்கு ஜெயித்துவிடுவோம் என்று சோபாவில் உட்காராமல் நின்றுகொண்டே பார்த்தேன். எல்லாம் கரைந்துபோனது. தொடர்ந்து 28ஆவது தோல்வி. மொத்தக் கணக்கு 2-29 (வெற்றி-தோல்வி).

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் மளிகைக்கடை காலண்டர் ஒன்று தொங்குகிறது. என் பத்து வயதுப் பையன் பிஸ்டன்ஸ் ஜெயித்தால் பச்சை வட்டமும் தோற்றால் சிவப்பு வட்டமும் போடுவான். கடைசிப் பச்சை அக்டோபர் 28, சிகாகோவை வென்ற நாள். நவம்பர் தாள் முழுக்கச் சிவப்பு. நேற்று ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே சிவப்புப் பேனாவை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

என் கவலையே அதுதான். எங்கள் ஆட்டக்காரர்களைப் பாருங்கள்: கேட் கன்னிங்ஹமுக்கு 22 வயது. ஜேடன் ஐவிக்கு 21. டூரனுக்கும் ஆசார் தாம்சனுக்கும் 20. தோல்வி என்பது தினமும் நடக்கிற ஒன்று என்று இந்த வயதிலேயே பழகிவிட்டால் அதை எப்படி உதறுவார்கள்? நாளை டொராண்டோ ராப்டர்ஸ் இங்கே வருகிறார்கள். டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது. பையனைக் கூட்டிக்கொண்டு போகலாமா, வேண்டாமா?

பேலஸ்2004

போகாதீர்கள் தம்பி. மனசு வலித்துத்தான் சொல்கிறேன். ஆபர்ன் ஹில்ஸில் பேலஸ் அரங்கம் இருந்த காலத்திலிருந்து நான் இந்த அணிக்குக் கத்துகிறவன். 2004இல் ஷாக், கோபி, மலோன், பேட்டன் நால்வரும் இருந்த லேக்கர்ஸை இறுதிப் போட்டியில் 4-1 என்று சுருட்டியபோது தெருவே தூங்கவில்லை. 2003 முதல் 2008 வரை ஆறு வருடம் தொடர்ந்து கிழக்குப் பிரிவு இறுதிப் போட்டியில் நாம் இருந்தோம். அந்த 2008க்குப் பிறகு பிளேஆஃபில் (சீசன் முடிவில் வரும் கோப்பைச் சுற்றுகளில்) ஒரே ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஒன்றுகூட!

2011இலிருந்து டாம் கோர்ஸ்தான் முதலாளி. செவ்வாய்க்கிழமை புரூக்ளினிடம் தோற்று, ஒரே சீசனில் அதிகத் தொடர் தோல்வி என்ற கெட்ட பெயர் வந்து சேர்ந்ததே, அன்று அரங்கில் ‘அணியை விற்றுவிடு’ என்று கத்தினார்கள். கத்தினால் போதாது. நாற்காலி காலியாக இருந்தால்தான் மேலே இருப்பவர்களுக்கு உறைக்கும்.

பொறுத்தவர்

இதே புரூக்ளின் ஆட்டத்தில் கேட் 41 புள்ளி எடுத்ததையும் சொல்லுங்கள் அண்ணே. தோல்விக்குப் பழகியவன் அப்படி ஆடுவானா?

போன சீசனில் முழங்காலுக்குக் கீழே கால் எலும்பில் அறுவை சிகிச்சை, அவன் ஆடியது வெறும் 12 ஆட்டம். ஆக, இந்தப் பையன்கள் சேர்ந்து ஆடுவதே இப்போதுதான். அணியின் நம்பகமான மூன்று புள்ளி ஷூட்டர் (தொலைவிலிருந்து கூடை போடுபவர்) போக்டனோவிச் காயத்தால் டிசம்பர் வரை களமிறங்கவே இல்லை. பிலடெல்பியாவும் 2013-14இல் 26 ஆட்டம் தொடர்ந்து தோற்றது, 2015-16இல் 10-72. அதற்குப் பிறகுதான் அவர்களின் நட்சத்திரம் எம்பீட் வளர்ந்து வந்தார். விதை போட்டு மறுநாளே மண்ணைக் கிளறிப் பார்த்தால் எப்படி?

பேலஸ்2004

அந்த பிலடெல்பியா இன்று வரை இரண்டாவது சுற்றைத் தாண்டவில்லை. தோற்றுத் தோற்று டிராஃப்டில் (அணிகள் வரிசையாகப் புது ஆட்களை எடுக்கும் தேர்வில்) நட்சத்திரத்தைப் பிடிக்கலாம் என்ற கணக்கு நம்மிடம் எப்படிப் பலித்தது? போன சீசனில் 17-65, லீக்கிலேயே கடைசி. அந்த வரிசையை முடிவுசெய்யும் லாட்டரியில் கடைசி மூன்று அணிக்கும் முதல் இடம் கிடைக்க ஆளுக்கு 14 சதவீத வாய்ப்பு. கடைசி அணி அதிகபட்சம் ஐந்தாவது இடம் வரை சரியலாம். நாம் சரியாக அந்த ஐந்துக்கே போனோம். எல்லோரும் எதிர்பார்த்த வெம்பன்யாமா சான் அன்டோனியோவுக்குப் போனார். அவரை வைத்துக்கொண்டு அவர்களும் இந்த சீசனில் 18 ஆட்டம் தொடர்ந்து தோற்றார்கள். சின்னப் பையன்களை மட்டும் குவித்தால் இதுதான் கதி.

அப்புறம் நம் பொது மேலாளர் டிராய் வீவர் கட்டிய அணியைப் பாருங்கள். டூரன், ஸ்டூவர்ட், பேக்லி, வைஸ்மன் என்று எல்லாம் உயரக்காரர்கள். வெளியே நின்று எறிய ஆள் இல்லை. கேட் கூடையை நோக்கி உள்ளே நுழைந்தால் எதிரணியில் மூன்று பேர் அங்கேயே காத்திருக்கிறார்கள், ஏனென்றால் ஆசார் தாம்சனை மூன்று புள்ளிக் கோட்டில் தனியாக விட்டுவிட்டு வர யாருக்கும் பயமில்லை. 6 வருடத்துக்கு 78.5 மில்லியன் டாலர் கொடுத்துக் கொண்டுவந்த பயிற்சியாளர் மான்டி வில்லியம்ஸ், சீசன் தொடக்கத்தில் ஐவியை பெஞ்சில் உட்காரவைத்து கில்லியன் ஹேய்ஸை ஆடவிட்டார். இன்னும் எனக்கு ஆறவில்லை.

பொறுத்தவர்

ஐவி விஷயத்தில் உங்கள் பக்கம்தான். ஆனால் 2021இல் ஃபீனிக்ஸை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனவரும் இதே மான்டிதான். ஏழு மாதத்தில் துரத்திவிட்டால் அடுத்து யார் துணிந்து வருவார்?

ஸ்கார்பரோக்காரன்

நாளைய எதிரணி ரசிகன் இடையில் வருகிறேன், மன்னிக்கவும். ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். உங்கள் வேதனை எங்களுக்கு நன்றாகவே விளங்கும். 2010இல் எங்கள் நட்சத்திரம் பாஷ் போனார், அடுத்த சீசன் 22-60. அந்தக் குழியிலிருந்து எங்களை ஏற்றிய பயிற்சியாளர் டுவேன் கேசி. பிறகு ஐந்து வருடம் உங்களிடமும் இருந்தார், நல்ல மனிதர்.

2013இல் மசாய் உஜிரி அணியின் நிர்வாகப் பொறுப்புக்கு வந்தார். பயிற்சியாளரை மாற்றவில்லை. இளையவர்களையும் கலைக்கவில்லை. அந்த டிசம்பரில் எங்கள் நட்சத்திரம் ரூடி கேயை வேறு அணிக்கு அனுப்பினார். பதிலுக்கு வந்தவர்கள் வாஸ்கேஸ், பேட்டர்சன் போன்றவர்கள், ஒருவர்கூட நட்சத்திரம் கிடையாது. பந்தை ஒழுங்காகக் கைமாற்றத் தெரிந்த ஆட்கள், அவ்வளவுதான். அந்த சீசன் 48 வெற்றியோடு முடிந்தது. உங்கள் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நிற்க அப்படி நாலு பேர் வேணும்.

நோவிவாசி அண்ணா, மகனைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நாங்களும் இப்போது ஒன்றும் பெரிதாக ஆடவில்லை.

நோவிவாசி

டிக்கெட் எடுத்துவிட்டேன். பேலஸ் அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். நாற்காலியைக் காலியாக விட்டால் முதலாளி கவனிப்பார் என்கிறீர்கள், நியாயம்தான். ஆனால் அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு ஆடப்போவது கேட் அல்லவா?

நோவிவாசி (சனி இரவு)

129-127!!! ஜெயித்துவிட்டோம். கேட் 30 புள்ளி, 12 அசிஸ்ட் (கூடையாக முடிந்த பாஸ்). கடைசி நிமிடத்தில் பையன் என் சட்டைக் கையைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தான், இன்னும் கசங்கியே கிடக்கிறது. தொண்டை போய்விட்டது. கார் நிறுத்திய இடம் வரை முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அவன் கையைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

ஸ்கார்பரோக்காரன்

வாழ்த்துகள். இன்றுதான் எங்கள் அனுனோபியை நியூயோர்க்குக்கு அனுப்பிவிட்டார்கள், ஆள் குறைவோடுதான் வந்தோம். ஆனாலும் வெற்றி வெற்றிதான். மகனிடம் சொல்லுங்கோ.

பேலஸ்2004

டிவியில் பார்த்தேன். கத்தினேன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தம்பி, நீங்கள் போனது நல்லது.

ஆனால் கணக்கு 3-29. அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் பிப்ரவரி 8 டிரேட் கெடுவுக்குள் எறியத் தெரிந்த இரண்டு பேர் வந்தாக வேண்டும். வராவிட்டால் நான் வாசல் பக்கம் வரமாட்டேன்.

பொறுத்தவர்

இரண்டு பேர் என்பதில் நானும் உங்களோடுதான் அண்ணே. ஆனால் ஐவியைக் கொடுத்து வாங்கக் கூடாது. அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள்.