அதிகாரம் இல்லாத பொறுப்பில் நம்பிக்கையைப் பெறுவது: தயாரிப்பு மேலாளர்களின் அனுபவங்கள்

சென்னை, பணப் பரிமாற்றச் செயலி:

ஒரு செயலியிலோ மென்பொருளிலோ எதை, எப்போது செய்வது என்று திட்டமிடும் தயாரிப்பு மேலாளருக்குக் (product manager) கீழே பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. நிரல் எழுதுபவர்கள் பொறியியல் தலைவருக்கும், விற்பவர்கள் விற்பனைத் தலைவருக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள். இடையில் நிற்கும் நம் பேச்சைக் கேட்பதும் விடுவதும் அவர்கள் விருப்பம். யூபிஐ வழியாகப் பணம் செலுத்தும் பகுதிக்கு நான் பொறுப்பேற்றபோது, எனக்கு முன்பிருந்தவர்கள் அடுத்தடுத்து விலகியிருந்ததால், குழுவினர் என்னையும் ஒரு விருந்தாளியாகவே பார்த்தார்கள்.

திட்டவரைவு எதையும் எழுதத் தொடங்காமல், வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் போய் உட்கார்ந்து அழைப்புகளைக் கேட்டேன். "பணம் போயிடுச்சு, கடைக்காரர் வரலைங்கிறார்" என்பதே திரும்பத் திரும்ப வந்த புகார். எங்கள் செயலியோ "பரிவர்த்தனை நிலுவையில் உள்ளது" என்ற ஒற்றை வரியோடு ஒதுங்கிக்கொண்டது. கணக்கில் பணம் கழிந்தும் கடைக்கு உறுதி கிடைக்காவிட்டால், 5 நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும், அதற்குமேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையின் விதி. சேவைப் பிரிவில் எல்லோருக்கும் அது மனப்பாடம், திரையில்தான் இல்லை.

புகார்களை நானே படித்து, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் சிக்கியது என்று பிரித்து அட்டவணையாக்கி, மூத்த பொறியாளரிடம் கொண்டுபோனேன். பணம் திரும்பும் தேதியைத் திரையில் போட்டுவிடுங்கள் என்று சொல்லாமல், தேதி போடுவதற்குத் தடையாக இருப்பது எது என்று கேட்டேன். நிலுவையில் உள்ள பரிவர்த்தனை பின்னால் வெற்றியாகவும் முடியலாம் என்பதால், பணம் திரும்பிவிடும் என்று முன்கூட்டியே எழுதினால் அது பொய்யாகிவிடக்கூடும் என்று அவர் விளக்கினார். எனவே, இன்ன தேதிக்குள் பணம் கடைக்குச் சேரும் அல்லது உங்கள் கணக்குக்குத் திரும்பும் என்ற வாசகத்தையும், வங்கியில் காட்டுவதற்கான 12 இலக்கக் குறிப்பெண்ணையும் திரையில் வைத்தோம். வாசகம் அவருடைய எச்சரிக்கையால் இப்படி அமைந்தது என்பதை வெளியீட்டுக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அதற்குப் பிறகு, சிக்கலான மாற்றம் எதையும் தொடங்குமுன் அவரே என் மேசைக்கு வந்து பேசத் தொடங்கினார்.

கோயம்புத்தூர், பில்லிங் மென்பொருள்:

மேலே எழுதியவருக்குப் பொறியாளர்களிடம் இருந்த சிக்கல், எனக்கு விற்பனைப் பிரிவிடம் இருந்தது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கும் 2023 ஆகஸ்ட் 1 முதல் ஜிஎஸ்டி மின்-விலைப்பட்டியல் (பில்லை அரசு அங்கீகரித்த தளத்தில் பதிவேற்றிப் பதிவெண் பெறும் முறை) கட்டாயமாகும் என்று அறிவிப்பு வந்த நேரத்தில், விற்பனைத் தலைவர் ஒரு பெரிய வாடிக்கையாளர் கேட்டிருந்த அறிக்கை வடிவத்தை முதலில் முடிக்கச் சொன்னார். சிறு நிறுவனங்களின் தேவைதான் அவசரம் என்று நான் காட்டிய எந்த வரைபடமும் அவரிடம் எடுபடவில்லை.

அவரைத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு அழைத்துச் சென்றேன். ஏற்கெனவே மின்-விலைப்பட்டியல் வரம்புக்குள் வந்துவிட்டிருந்த அந்தக் கம்பெனியின் கணக்கர், பில்லை முதலில் வெறும் தாளில் அச்சிட்டு, முதலாளியிடம் டிக் வாங்கிய பிறகே அந்தத் தளத்தில் பதிவேற்றினார். பதிவெண் கிடைத்துவிட்டால் பில்லை அங்கே திருத்த முடியாது. 24 மணி நேரத்துக்குள் முழுவதுமாக ரத்து செய்யலாம், ஆனால் அதே பில் எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது. அந்த நேரமும் கடந்துவிட்டால், பெரும்பாலும் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டு) போட்டுத்தான் சரிசெய்வார்கள். முதலாளி வெளியே போயிருந்த அந்த அரைமணி நேரமும், சரக்கு ஏற்றிய வண்டி வாசலில் நின்றது. பதிவேற்றுவதற்கு முன்பே பிழைகளைப் பிடிக்கும் திரை ஒன்று இருந்தால் தாளுக்கு வேலை இருக்காதே என்று விற்பனைத் தலைவர்தான் முதலில் சொன்னார், நான் வாயே திறக்கவில்லை. பெரிய வாடிக்கையாளரிடம் கால அவகாசம் கேட்டவரும் அவரே. நான் கொடுத்த மாற்றுத் தேதியில் அந்த அறிக்கையையும் முடித்துக் கொடுத்தோம். அந்தத் தேதி தவறியிருந்தால் திருப்பூர்ப் பயணம் வெறும் உல்லாசப் பயணமாகப் போயிருக்கும்.

பெங்களூரு, உள்பயன்பாட்டுத் தளங்கள்:

இந்தப் பதவியின் தொடக்கமாகப் பலரும் குறிப்பிடுவது, 1931இல் புராக்டர் அண்ட் கேம்பிள் என்ற அமெரிக்க சோப்பு நிறுவனத்தில் அதன் ஊழியர் நீல் மெக்எல்ராய் எழுதிய உள்குறிப்பு. ஒரு பொருளுக்குப் பொறுப்பானவர், விற்பனை மெலிந்த வட்டாரத்துக்கு நேரில் போய் வணிகர்களையும் நுகர்வோரையும் ஆராய வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. ஆகவே நீங்கள் இருவரும் செய்தது பழைய பாடம், நல்ல பாடம். ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு அது முழுதும் பொருந்துவதில்லை, ஏனெனில் என் வாடிக்கையாளர்கள் அடுத்த அறையில் இருக்கும் பொறியாளர்கள். அவர்களுடைய வலியை அவர்களுக்கே எடுத்துச் சொல்லி நான் மதிப்புப் பெற முடியாது.

எனக்குக் கைகொடுத்தது எழுத்து. ஒவ்வொரு முக்கிய முடிவுக்கும் ஒரு பக்கம் எழுதுகிறேன்: என்ன தேர்ந்தெடுத்தோம், எதை விட்டோம், ஏன் விட்டோம், எந்தச் சூழல் மாறினால் இதை மறுபடி திறப்போம். ஒரு முறை மேலிடத்திலிருந்து திடீரென்று திசைமாற்றச் சொல்லி அழுத்தம் வந்தபோது, நான் இல்லாத ஒரு கூட்டத்தில், வேறு குழுவின் பொறியாளர் ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து வாதாடியிருக்கிறார்.

சென்னை, பணப் பரிமாற்றச் செயலி:

விட்டுவிட்ட யோசனையை எழுதும்போது அதைச் சொன்னவரின் பெயரைக் குறிப்பிடுவீர்களா? எங்கள் குழுவில் இதுவே மனக்கசப்பாகிவிடுமோ என்ற தயக்கம் எனக்கு உண்டு.

பெங்களூரு, உள்பயன்பாட்டுத் தளங்கள்:

அந்தப் பத்தியை மட்டும் நான் எழுதுவதில்லை. யோசனையைச் சொன்னவரையே எழுதச் சொல்கிறேன். தம் வாதம் குறையின்றிப் பதிவாகியிருப்பதை அவரே சரிபார்த்துவிடுவதால், அதே விவாதம் அடுத்த கூட்டத்தில் மறுபடி தலைதூக்குவதில்லை. பெயர் வேண்டுமா என்பதை அவரிடமே விட்டுவிடுகிறேன். பெரும்பாலோர் போடச் சொல்கிறார்கள்.