போட்ட காசுக்கு 25 வீதமா, இன்றைய விலைக்கு 4 வீதமா?

காலிவீதிக்காரன்: "கம்பனி பங்குக்காரருக்குத் தரும் பங்கிலாபத்தின் வீதம், வங்கி நிலையான வைப்பு (எஃப்.டி.) வட்டிக்குக் கீழே போனால் பங்கை விற்றுவிட வேண்டும்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. யுத்தம் முடிந்த 2009இல் ஒரு பங்கை 40 ரூபாய்க்கு வாங்கினேன். இன்று விலை 250. வருஷத்துக்கு 10 ரூபாய் பங்கிலாபம் வருகிறது. போட்ட காசுக்கு 25 வீதம். எந்த வங்கி தரும்? நான் ஏன் விற்க வேண்டும்?

கொட்டாஞ்சேனை பாலன்: எழுதியது நான்தான் அண்ணை, பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். 25 இல்லை, 4 வீதம். உங்களிடம் இப்போது இருப்பது 40 ரூபாய்ப் பங்கு இல்லை, 250 ரூபாய்ப் பங்கு.

காலிவீதிக்காரன்: தம்பி, காசு கொடுத்தது நான். கொடுத்தது 40. ஆகவே 25 வீதம்.

கொட்டாஞ்சேனை பாலன்: சரி, கணக்கைப் பாருங்கோ. விற்றால் தரகு, கட்டணம் எல்லாமாக 1.12 வீதம் போக 247 ரூபாய் கைக்கு வரும். வங்கி 8 வீதம் தருகிறது என்று வையுங்கள். வட்டியில் 10 வீத வரி போக 17 ரூபாய் 80 சதம். பங்கிலாபத்தில் 15 வீதம் வரி பிடித்த பிறகு உங்களுக்கு 8 ரூபாய் 50 சதம். இதில் உங்கள் 40 எங்கே வருகிறது?

காலிவீதிக்காரன்: 2022ஐ மறந்துவிட்டீரா? டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனது. அந்தச் செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி முந்தைய வருஷத்தைவிட 70 வீதத்துக்குக் கிட்ட ஏறியிருந்தது. வைப்பில் போட்டவனின் முதல் அப்படியே நின்றது, அரிசி விலை நிற்கவில்லை. நான் வாங்கிய வருஷம் இந்தப் பங்கு 2 ரூபாய்தான் தந்தது, இன்று 10 தருகிறது. எஃப்.டி. வட்டி இப்படி ஐந்து மடங்கு வளருமா? பலகையில் விலை எழுதிய காலத்துத் தரகர்களோடு பழகியவன் நான். எனக்கு வகுத்தல் கணக்குப் படிப்பிக்க வேண்டாம்.

தெஹிவளை டீச்சர்: இரண்டு பேரும் அந்த 10 ரூபாயை நிரந்தரம் என்று நினைத்துப் பேசுகிறீர்கள். 14 வீதம் தருகிறது என்று நம்பி நான் ஒரு பங்கு வாங்கினேன். அந்தக் கம்பனி காணி விற்ற காசை அந்த ஒரு வருஷம் மட்டும் பிரித்துக் கொடுத்திருந்தது. அடுத்த வருஷம் ஒரு ரூபாய்கூட இல்லை, விலையும் பாதியாகிவிட்டது. உழைத்த லாபத்தில் தருகிறார்களா, இருப்பதை விற்றுத் தருகிறார்களா என்று முதலில் பாருங்கள்.

செட்டியார் தெரு: இந்தத் தலையிடி எதற்கு? பவுன் வாங்கி வையுங்கள்.

காலிவீதிக்காரன்: பவுன் ஒரு சதம் பங்கிலாபம் தருமா? செய்கூலி, சேதாரம் என்று வாங்கும் அன்றே நட்டம். தெரியாத விஷயத்தில் வாய் வைக்க வேண்டாம்.

செட்டியார் தெரு: மூன்று தலைமுறையாக இந்த நகைக்கடைத் தெருவில் இருக்கிறோம். எது தெரியாது என்கிறீர்கள்?

கொட்டாஞ்சேனை பாலன்: பவுனை விடுங்கோ. 2022இல் அரசாங்கம் கடன் வாங்கும் திறைசேரி உண்டியலின் வட்டி 30 வீதத்தைத் தொட்டதை மட்டும் அண்ணை சொல்ல மாட்டார். அவர் பேச்சைக் கேட்டு நான் வாங்கிய ஹோட்டல் பங்கு இன்னும் நட்டத்தில் கிடக்கிறது, அதையும் சொல்ல மாட்டார்.

காலிவீதிக்காரன்: வாங்கு என்று நான் சொல்லவில்லை. நான் வாங்கினேன் என்றுதான் சொன்னேன்.

கொட்டாஞ்சேனை பாலன்: பழைய பதிவு இருக்கிறது. எடுத்துப் போடட்டுமா?

காலிவீதிக்காரன்: போடும். என்ன விலைக்கு வாங்கினேன் என்பதும் அதில் இருக்கும், அதையும் வாசியும். இந்தப் பங்கு எனக்கு 25 வீதம்தான்.

கொட்டாஞ்சேனை பாலன்: 4.