துபாயிலிருந்து வந்த அண்ணனுக்கு ஃப்ளூ, வீட்டில் ஒரே பாத்ரூம். அம்மாவை எப்படிக் காப்பாத்துறது?

கும்பகோணம்_தங்கை:
அண்ணன் மூணு வருஷம் கழிச்சு நேத்து விடிகாலைல திருச்சி ஏர்போர்ட்ல இறங்கினான். அப்பவே தொண்டை கரகரங்குதுன்னான், ஃப்ளைட் ஏசின்னு விட்டுட்டோம். கார்ல கண்ணாடிய ஏத்திவிட்டு ரெண்டு மணி நேரம், அம்மா அவன் தோள்லயே சாஞ்சிட்டு வந்தாங்க. ராத்திரி 102 காய்ச்சல். இன்னைக்கு டெஸ்ட்ல இன்ஃப்ளுயன்ஸா ஏ, கொரோனா இல்ல.

அம்மாவுக்கு வயசு 71. சுகர், வீசிங், தினம் இன்ஹேலர். ஒரு ஹால், ஒரு ரூம், அவ்வளவுதான் வீடு. நான் அந்தப் பக்கம் திரும்பினா போதும், ரசம் சாதத்தைக் குழையப் பிசைஞ்சு எடுத்துக்கிட்டு உள்ள போயிடறாங்க. "எம் புள்ளகிட்டேர்ந்து எனக்கு என்னடி வரப்போவுது"ங்கறாங்க. கார்லயே ஒட்டியிருக்குமே, இனிமே பிரிச்சு வெச்சுப் பிரயோஜனம் உண்டா?

வார்டு_நர்ஸ்:
உண்டும்மா. காய்ச்சலுக்கு ஒரு நாள் முன்னாடியே பரவ ஆரம்பிக்கும், நெசம்தான். ஆனா முதல் மூணு நாள்தான் ரொம்ப பரவும், அதுல பாதி இன்னும் பாக்கி இருக்கு. 2009 பன்றிக்காய்ச்சல்ல அமெரிக்காவுல வீடு வீடா கணக்கெடுத்தப்ப, நோயாளியோட ஒரே வீட்ல இருந்தவங்கள்ல 13 சதவீதம் பேருக்குத்தான் வந்துச்சு.

அம்மாவை இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டி, கார்ல ஒட்டி உக்காந்திருந்ததைச் சொல்லுங்க. ஓசெல்டாமிவிர்னு ஃப்ளூவுக்கான மாத்திரை, அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்ல பலன். வராம தடுக்கவும் குடுப்பாங்க, அவங்களுக்கு வேணுமான்னு டாக்டர் சொல்லட்டும். மெடிக்கல்ல நீங்களா ஆன்டிபயாடிக் வாங்கிடாதீங்க, வைரஸுக்கு அது கேக்காது. அண்ணன் ரூம்ல ஜன்னல் திறக்குமா?

கும்பகோணம்_தங்கை:
கொல்லைப் பக்கம் ஒண்ணு இருக்கு, பீரோ மறைக்குது.

வார்டு_நர்ஸ்:
பீரோவை நகத்துங்க. டேபிள் ஃபேனை ஜன்னலைப் பாத்து வைங்க, உள்காத்து வெளிய போகட்டும். பாத்ரூமுக்கு அவர் கடைசியா போகட்டும், மாஸ்க்கோட. அப்புறம் அரை மணி நேரம் கதவு ஜன்னல் திறந்தே கிடக்கட்டும்.

ஸ்காபரோ_அக்கா:
தங்கச்சி, நான் கனடாவில, ஸ்காபரோவில இருக்கிறன். 2003ல வந்த சார்ஸ் எண்ட தொற்றுநோய் இங்க ஒரு வீட்டுக்குள்ளதான் தொடங்கினது. ஹொங்கொங் போட்டு வந்த அம்மா ஒராள் வீட்டிலயே செத்துப்போனா. பிறகு மகனும் செத்திட்டார். அது வேற வைரஸ், பயப்பிடாதேங்கோ. ஆனா எனக்கு அந்த அம்மாவும் மகனும் இன்னும் நெஞ்சுக்கை நிக்கினம். அம்மாவோட நீங்கள் மல்லுக்கட்டாதேங்கோ. அண்ணையே கதைக்கட்டும், அவர் சொன்னால் கேப்பா.

கும்பகோணம்_தங்கை:
மூணாம் நாள். அக்கா சொன்னதுதான் நடந்துச்சு. கதவுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து அண்ணன், "உனக்கு மூச்சு முட்டினா நான் எப்படிம்மா திரும்பிப் போவேன்"னு கேட்டான். அம்மா தட்டை வாசப்படியில வெச்சிட்டு நகந்துட்டாங்க. டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு. பக்கத்து வீட்டுப் பையன் பீரோவை நகத்திக் குடுத்தான். இதுவரைக்கும் அம்மாவுக்குக் காய்ச்சல் இல்ல, ஆக்சிஜன் 97. அவன் எப்ப வெளிய வரலாம்?

வார்டு_நர்ஸ்:
பாராசிட்டமால் இல்லாம 24 மணி நேரம் காய்ச்சலே இல்லாம இருக்கணும், இருமலும் குறையணும். அப்புறமும் அஞ்சு நாள் அம்மா பக்கத்துல மாஸ்க். அம்மாவுக்கு ஆக்சிஜன் 94-க்குக் கீழ போனாலோ இன்ஹேலருக்கு அடங்கலைன்னாலோ விடியட்டும்னு காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க.