இழை எடுப்பது எந்த நாளில்?

கோட்டையூர் மகள்:
நகரத்தார் வீடுகளில் மார்கழியில் எடுக்கும் பிள்ளையார் நோன்புக்கு எங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டர் ஒரு நாளைச் சொல்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் கைப்பேசியில் திருக்கணிதப் பஞ்சாங்கம் பார்த்துவிட்டு மறுநாள்தான் என்கிறான். மருமகள் முழுகாமல் இருக்கிறாள். நோன்புத் திரியைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வதைத்தான் இழை எடுப்பது என்போம்; வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து எடுக்க வேண்டும். எந்த நாளை எடுத்துக்கொள்வது?

காரைக்குடி கணக்கு வாத்தியார்:
திருக்கணிதம்தான், ஆச்சி. வானத்தோடு ஒத்துப்போகத் திருத்திய பஞ்சாங்கம் அது. நோன்பு சஷ்டி திதியும் சதய நட்சத்திரமும் கூடும் நாளில் வருகிறது. திருக்கார்த்திகை அன்றுள்ள கார்த்திகை நட்சத்திரத்திலிருந்து 21 நட்சத்திரம் தள்ளி எண்ணினால் சதயம். பௌர்ணமியிலிருந்து 21 திதி தள்ளினால் சஷ்டி. தினம் ஒரு நூலாக எடுத்து வைத்து 21 இழையைத் திரியாக்குகிறோமே, அதன் அடியில் இருப்பது இந்தக் கணக்கு. ஆனால் சராசரியாக ஒரு திதி 23 மணி 37 நிமிடம், ஒரு நட்சத்திரம் 24 மணி 17 நிமிடம். சந்திரனும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சஷ்டியும் சதயமும் எப்போது கூடும் என்று சொல்ல, சந்திரன் வானத்தில் நிற்கும் இடம் துல்லியமாகத் தெரிய வேண்டும். உங்கள் காலண்டர் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பார்த்ததாக இருக்கும்; அது பழைய வாய்பாடு. அமாவாசை, பௌர்ணமியில் ஏறக்குறைய ஒத்துப்போகும். அஷ்டமியை நெருங்க நெருங்கச் சில மணி நேரம்கூடப் பிசகும். சஷ்டி அந்தப் பக்கம்தான் வருகிறது.

தேவகோட்டை அய்யா:
தம்பி, கணக்கை நான் மறுக்கவில்லை. பங்காளிகளுக்குப் பொதுவான எங்கள் வளவு வீட்டில் எல்லாப் புள்ளிகளும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும், சேர்ந்துதான் இழை எடுக்கிறோம். மாவில் செருகிய திரியை ஏற்றி, பெரியவர் கையிலிருந்து சுடரோடு வாங்கி வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு புள்ளி இன்று, மறு புள்ளி நாளை என்றால் அது எங்கள் நோன்பு ஆகாது. தமிழ்நாட்டுக் கோயில்களில் பெரும்பாலும் வாக்கியம்தான். கோயிலுக்கு எதுவோ வீட்டுக்கும் அதுவே.

காரைக்குடி கணக்கு வாத்தியார்:
அய்யா, 2023 ஜனவரியிலேயே சனி கும்பத்துக்கு வந்துவிட்டதாகத் திருக்கணிதம் சொன்னது. திருநள்ளாற்றில் பெயர்ச்சி கொண்டாடியது டிசம்பர் 20 அன்று. பதினொரு மாத வேறுபாட்டை மரபு என்று சொல்லி எவ்வளவு காலம் தூக்கிச் சுமப்பது? வானியற்பியல் அறிஞர் மேகநாத் சாகா தலைமையில் 1952-இல் குழு அமைத்து, 1957 முதல் மத்திய அரசே திருத்தமான பஞ்சாங்கம் வெளியிடுகிறது.

பள்ளத்தூர் மருமகள்:
இரண்டு பேருமே அன்றாடம் பார்க்கும் இராகு காலத்தைத் தொடவில்லை. திங்கள் ஏழரை முதல் ஒன்பது என்பது, சூரியன் ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறையும் என்று வைத்துப் பகலை எட்டாகப் பிரித்த கணக்கு. இந்திய நேரம் 82.5 பாகைக் கோட்டுக்கு உரியது. காரைக்குடி அதற்கு மேற்கே. இங்கே உச்சிப்பொழுதே சுமார் கால் மணி நேரம் தாமதம். மார்கழிக் கடைசியில் சூரியன் உதிக்க ஆறரை ஆகிறது. பிரித்துப் பாருங்கள்: அன்று இராகு காலம் எட்டு மணியை ஒட்டித் தொடங்கி ஒன்பதே காலுக்கும் மேல் முடிகிறது. ஒன்பது அடித்ததும் நிம்மதியாகப் படி இறங்குகிறோம். நம் கணக்குப்படியே அது கெட்ட நேரம், ஆனாலும் ஒன்றும் ஆகவில்லை. இதற்காகவா மனிதர்களை வாசலில் நிறுத்தி வைக்கிறோம்? சில முகூர்த்த நாள்களில் எல்லாக் கல்யாணமும் குவிந்து, சமையல்காரர் கிடைக்காமல் அல்லாடுவதும் இதனால்தான். நாளும் கோளும் சரியில்லை என்று அப்பர் தடுத்தும் சம்பந்தர் மதுரைக்குப் புறப்பட்டாரே. சைவர்களுக்கு அது போதாதா?

தேவகோட்டை அய்யா:
சம்பந்தர் பதிகம் பாடிவிட்டுப் புறப்பட்டார், ஆத்தா. அந்த உறுதி வந்தவர்கள் எந்த நேரத்திலும் படி இறங்கட்டும், நான் தடுக்கமாட்டேன். மலேசியாவிலும் சென்னையிலும் இருக்கும் பங்காளிகள் ஒரே நாளில் முகப்பில் வந்து நிற்பதற்குப் பஞ்சாங்கம்தான் காரணம். அதை எடுத்துவிட்டால் அவரவர் லீவு கிடைக்கும் நாள்தான் நல்ல நாள். பூட்டிக் கிடக்கும் வீடுகளை நாம் பார்க்கவில்லையா?

காரைக்குடி கணக்கு வாத்தியார்:
எல்லோரும் கூட ஒரு நாள் வேண்டும் என்றால், வானத்தோடு பொருந்தும் நாளில் கூடுவதில் என்ன நஷ்டம்? குறைந்தபட்சம், எந்தப் பஞ்சாங்கத்தை வைத்துக் குறித்தது என்பதைக் காலண்டர் அட்டையில் பெரிதாக அச்சிடட்டும். ஆச்சிக்கு இந்தக் குழப்பமே வந்திருக்காது.

கோட்டையூர் மகள்:
சிங்கப்பூரில் பெரியவர்கள் யாரும் இல்லை. மகனே விளக்கேற்றி மருமகளுக்கு இழை கொடுக்கலாமா?

தேவகோட்டை அய்யா:
தாராளமாகக் கொடுக்கலாம், ஆச்சி. நாள் மட்டும் உங்கள் வளவு எடுக்கும் நாளாக இருக்கட்டும்.