லேசரில் சிறுநீரகக் கல்லை உடைத்த பிறகும் ஏன் வலிக்கிறது?

கல்லைத்தான் தூளாக்கியாச்சே, பிறகும் ஏன் இந்த வலி என்று பலர் பயந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது உள்ளே வைத்திருக்கும் டிஜே ஸ்டென்ட் தரும் வலி. மெல்லிய குழாய், மேல் முனை சிறுநீரகத்திலும் கீழ் முனை சிறுநீர்ப்பையிலும் சுருண்டிருக்கும். கீழ்ச் சுருள் பையின் அடியில் உரசுவதால்தான் அடிக்கடி முட்டிக்கொண்டு வருகிறது. சிறுநீர் போகும்போது விலாவுக்குக் கீழே சுரீரென்று இழுக்கும். பை சுருங்கும்போது சிறுநீர் ஸ்டென்ட் வழியே மேலேயும் ஏறுவதுதான் காரணம். முக்காமல், நிதானமாகப் போங்கள்.

படி ஏறினால் சிறுநீர் இளஞ்சிவப்பாகும், ஓய்வெடுத்துத் தண்ணீர் குடித்தால் வெளுக்கும். ஸ்டென்ட் இருக்கும்வரை இது வந்து போகும். ஆனால் ரத்தம் கட்டிகட்டியாக வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, 38 டிகிரி செல்சியஸ் தாண்டிக் குளிர்காய்ச்சல் வந்தாலோ நடுராத்திரியானாலும் கிளம்பிவிடுங்கள். காய்ச்சல் மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்கவே கூடாது. கிருமி ரத்தத்தில் கலந்தால் சில மணி நேரத்தில் நிலைமை கைமீறும்.

*

மாத்திரை பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டென்ட் தொந்தரவு குறைய டாம்சுலோசின் 0.4 மி.கி. எழுதித் தருவார்கள். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுங்கள். ஆண்களுக்கு விந்து வெளியே வராமல் போகலாம், மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும். மலச்சிக்கலையும் கவனியுங்கள், முக்கினால் ரத்தம் கூடும்.

தண்ணீரை ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடித்துப் பயனில்லை. நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குப் பிரித்துக் குடியுங்கள். இதயக் கோளாறு உள்ளவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரை வடிகட்டினால் பழுப்பு மணல் போல ஏதாவது தங்கும். உலர்த்திப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கல் கால்சியம் ஆக்சலேட் வகையா யூரிக் அமில வகையா என்று தெரிந்தால்தான் சாப்பாட்டில் எதை மாற்றுவது என்று முடிவு செய்ய முடியும்.

*

ஸ்டென்ட் எடுப்பதற்குச் சில நிமிடமே ஆகும். ஆனால் அன்று மாலையே பழைய கல்வலி போலப் பிடிக்கலாம். வீங்கியிருக்கும் சிறுநீர்க்குழாய் சுருங்குவதால் வருவது அது. ஓரிரு நாளில் அடங்காவிட்டால் காட்டுங்கள்.

வலி குறைந்ததும் ஸ்டென்ட்டை மறந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. மாதக்கணக்கில் விட்டால் அதன் மேலேயே உப்புப் படிந்து கல்லாகி, இழுத்தால் வராது. அந்தப் படிவை உடைக்கத் திரும்பவும் லேசர் வேண்டியிருக்கும். டிஸ்சார்ஜ் ஆகும்போதே எடுக்கும் தேதியைக் கேட்டுப் போனில் அலாரம் வையுங்கள், வீட்டில் இன்னொருவர் போனிலும்.